ஒன்பது நூலும் ஓர் ஊகமும்

கற்றோர் ஒருவரை உலகம் எதனால் நினைவிற் கொள்ளும் என்பது அவர் கையில் உள்ளதன்று. பல்லாண்டு உழைத்து எழுதிய நூல் தூசி படிந்து கிடக்க, ஒரு பொழுதிற் சொல்லிய சொல் நாடு கடந்து வாழ்வதும் உண்டு. இவ்வுண்மைக்கு எடுத்துக்காட்டாக என் மாணாக்கர்க்கு நான் அடிக்கடி எடுத்துரைக்கும் வரலாறு ஒன்றுளது. அது 18ஆம் நூற்றாண்டிலே பாரிஸ் மாநகரில் வாழ்ந்த அந்துவான் கூர் த ஜெபெலின் என்னும் அறிஞருடையது.

தம் காலத்திலே அவர் பெரும் புகழ் படைத்தவர். பிரான்சிய அரச குடும்பத்தினர் அவர் நூலுக்குக் கையொப்பமிட்டுப் பொருளுதவினர். அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்கிளின் அவரோடு பழகினார். ஆயின் இன்று அவர் பெயரைச் சொல்வோர் பெரும்பாலும் சீட்டுக் குறி பார்ப்போரும் அச்சீட்டின் வரலாறு எழுதுவோருமே. நம்மிடையே டாரட் என்று வழங்குவதும் பிரான்சியர் தாரோ என்று சொல்வதுமான சீட்டுக்கட்டு, எகிப்து தேசத்து ஞானிகள் அருளிய மறைநூல் என்னும் கதையை முதன்முதல் அச்சேற்றிப் பரப்பியவர் அவர். அக்கதை மெய்யன்று. அதுபற்றி அவரை ஏமாற்றுக்காரர் என்று தள்ளிவிடுவோரும் உளர். அங்ஙனம் தள்ளுதல் நீதியாகாது என்பது என் துணிபு. அதனைக் காட்டுதற்கு அவர் பிறந்த குடியிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

பிரான்ஸ் தேசத்துப் புரட்டஸ்தாந்து மதத்தினர்க்கு 1598இல் நான்காம் ஹென்றி மன்னன் நாந்துக் கட்டளையால் வழிபாட்டுரிமை அளித்தான். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் அவ்வுரிமையைப் பறித்தான். அன்றுதொட்டு அவர்கள் கூடித் தொழுதல் குற்றமாயிற்று. பிடிபட்ட ஆடவர் அரச மரக்கலங்களிலே துடுப்பு வலிக்கும் அடிமைகளாயினர், பெண்டிர் சிறைப்பட்டனர், போதகர் தூக்கிலிடப்பட்டனர். மரி துராந் என்னும் பெண்மணி ஏக்மோர்த்து நகரத்துக் கோபுரச் சிறையில் 1730 முதல் 1768 வரை 38 ஆண்டுகள் அடைபட்டிருந்தார். கத்தோலிக்க குருவின் முன் நிகழாத திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. அங்ஙனம் மணந்தோர்க்குப் பிறந்த மக்களுக்கு முறைப்பிள்ளைகள் என்ற நிலையும் இல்லை.

இத்தகைய இருட்காலத்திலே, 1715இல், ஏறத்தாழ 20 வயதினரான இளைஞர் ஒருவர் சிதறிக் கிடந்த தம் மதத்தாரை ஒருங்கு சேர்த்துச் சங்கம் கூட்டினார். அவர்தாம் நம் அறிஞரின் தந்தையாராகிய அந்துவான் கூர். மலைச்சாரல்களிலும் காடுகளிலும் மறைவாகக் கூடித் தொழுத அச்சபைக்கு வனாந்தரச் சபை என்று பெயர். அரசினர் அவர் தலைக்கு விலை குறித்தனர். 1729இல் அவர் சுவிற்சலாந்து நாட்டு லோசான் நகரத்தை அடைந்து, அங்கே போதகர்களைப் பயிற்றும் பணியில் ஈடுபட்டார். பயின்றவர் எல்லைகடந்து பிரான்சுக்குள் இரகசியமாகச் சென்றனர். அவருட் சிலர் தூக்குமரம் ஏறினர்.

மைந்தர் லோசான் நகரிலே கல்வி கற்றுப் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தந்தையாருக்குத் துணையாகவும் இருந்தார். கல்விக்கூடத்துத் தோழர் புறப்பட்டுச் செல்வதையும், அவருட் சிலர் திரும்பாமற் போனதையும் அறிந்து வளர்ந்த உள்ளம் அது என்பதை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1760இல் தந்தையார் காலமானார். அடுத்த சில ஆண்டுகளிற் பெருந்துயர் ஒன்று நிகழ்ந்தது. 1762ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரான்சுவா ரொஷெத் என்னும் போதகர் துலூஸ் நகரில் தூக்கிலிடப்பட்டார். மறுமாதமே அந்நகரத்து வணிகரான ஜீன் கலாஸ், மதம் மாற எண்ணிய மகனைக் கொன்றார் என்ற பொய்க்குற்றம் சாட்டப்பட்டு, சக்கரத்திற் கட்டி எலும்பு முறிக்கப்பட்டு மாண்டார். வோல்தேர் அவ்வநீதியை எதிர்த்து எழுதியதையும், 1765இல் கலாஸ் குற்றமற்றவர் என்று தீர்க்கப்பட்டதையும் பலரும் அறிவர். அதே அநீதியை எதிர்த்து 1763இல் ஜெபெலின் மடல் வடிவில் எழுதிய நூலைச் சிலரே அறிவர். பின்னர் அவர் பாரிஸ் நகரிற் குடியேறி, பிரான்சிய புரட்டஸ்தாந்து சபைகளுக்காகப் பேசும் பிரதிநிதியாய், பட்டமும் பதவியும் இன்றி ஆண்டுகள் பல உழைத்தார். சிறையிருந்தோர்க்காக மனு எழுதுதலும் அதிகாரிகளின் வாயிலில் நிற்றலும் அவர் பணி. இப்பணியிலே அவர் ஊகத்தை நம்பியவரல்லர். பெயரும் நாளும் ஊரும் வழக்கும் குறித்து எழுதியவர்.

மற்றொரு புறம் அவர் பெருநூல் ஒன்றைத் தொடங்கினார். ஆதியுலகத்தை இக்கால உலகத்தோடு ஒப்பிட்டு ஆராய்வது அதன் நோக்கம். 1773 முதல் 1782 வரை ஒன்பது பெருந்தொகுதிகள் வெளிவந்தன. பொது இலக்கணம், மொழியும் எழுத்தும் தோன்றிய வரலாறு, பஞ்சாங்க வரலாறு, பிரான்சியம், இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றின் சொற்பிறப்பகராதி எனப் பல துறைகளை அது தழுவியது. அமெரிக்க ஆதிக்குடிகளின் சொற்களையும் அவர் திரட்டினார்.

அவருடைய கொள்கை வருமாறு: மாந்தர் அனைவர்க்கும் பேச்சுறுப்பு ஒன்றே, ஆகவே ஒவ்வோர் ஒலிக்கும் இயற்கையான பொருளொன்று உண்டு, ஒலிகளைப் பற்றிப் பின்னோக்கிச் சென்றால் ஆதிமொழி புலப்படும். கேட்பதற்கு இனிய கொள்கைதான். ஆனால் எல்லாச் சொல்லையும் எல்லாச் சொல்லோடும் முடிச்சுப் போடுதற்கு அது வழிவிட்டது. சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்காது என்னும் கருத்தை நம் தொல்காப்பியர் உரியியலிலே உணர்த்திப் போந்தார். ஜெபெலினுக்கோ காரணம் எங்கும் உடனே விளங்கியது. அதுவே அவர் வலிமை. அதுவே அவர் குற்றமுமாயிற்று.

இனிச் சீட்டின் கதைக்கு வருவோம். ஒருநாள் அவர் பெருமாட்டி ஒருவர் இல்லத்துக்குச் சென்றார். அங்கே சிலர் தாரோ ஆடிக்கொண்டிருந்தனர். சுவிற்சலாந்திலும் ஜெர்மனியிலும் பிரான்சின் தென்கிழக்குப் பகுதிகளிலும் அவ்வாட்டம் பெருவழக்காயினும் அக்காலப் பாரிஸ் மக்கள் அதனை அறியார். கட்டிலே 78 சீட்டுகள். அவற்றுள் 56 சீட்டுகள் வாள், கோல், கிண்ணம், நாணயம் என்னும் நான்கு இனத்தின. எஞ்சிய 22 சீட்டுகளிற் சித்திரங்கள் தீட்டப்பட்டிருக்கும்: பேரரசன், பாப்பரசர், நீதி, துறவி, சக்கரம், மரணம், விண்மீன், திங்கள், ஞாயிறு, எண்ணில்லாத பேதை என்பன அவற்றுட் சில. அவற்றைக் கண்ட ஜெபெலினுக்குக் கால்மணி நேரத்துள் எல்லாம் விளங்கிவிட்டன. இவை எகிப்தியரின் ஞானநூல் என்றார். நூலகங்கள் எரிந்தபோது விளையாட்டு வடிவில் மறைந்திருந்தமையால் தப்பிப் பிழைத்தன என்றார். 1781இல் வெளிவந்த எட்டாந் தொகுதியில் அதனைக் கட்டுரையாக எழுதினார்.

பாப்பரசர் எகிப்தியத் தலைமைக் குருவானார். தேரூர்ந்து செல்பவன் ஒசைரிஸ் தெய்வமானான். விண்மீன் நைல் நதியின் வெள்ளத்தை அறிவிக்கும் மீனாயிற்று. வாள் அரசரையும் படைவீரரையும், கோல் உழவரையும், கிண்ணம் குருமாரையும், நாணயம் வணிகரையும் குறித்தன. ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குபவன் படம் மட்டும் அவருக்கு இடர் செய்தது. அறிவில்லாத சீட்டச்சர் அதனைத் தலைகீழாக அச்சிட்டுவிட்டனர் என்றும், நிமிர்த்திப் பார்த்தால் அடியெடுத்து வைக்கத் தயங்கி நிற்கும் விவேகமே அது என்றும் கூறிச் சமாளித்தார். கொள்கைக்குப் படம் ஒத்துவரவில்லை, படத்தைத் திருப்பிவிட்டார். தாரோ என்னும் பெயரையும் விடவில்லை. தார் என்பது எகிப்திய மொழியில் வழி, ரோ என்பது அரசன்; ஆதலின் அது வாழ்வின் இராசபாட்டை என்றார்.

எகிப்திய எழுத்தை அக்காலத்தில் வாசிக்க வல்லார் ஒருவருமிலர். ரொசெற்றாக் கல் 1799இல் எடுக்கப்பட்டது. சாம்போலியன் அவ்வெழுத்தின் திறவுகோலை வெளியிட்டது 1822இல். எழுத்து விளங்கிய பின்னர் அப்பெயருக்கோ அக்கதைக்கோ அங்கே சான்று ஒன்றும் கிடைக்கவில்லை.

உண்மை வரலாறு வேறு. சீட்டாட்டம் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முஸ்லிம் நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. எகிப்தை ஆண்ட மம்லூக்கியர் காலத்துச் சீட்டுக்கட்டு ஒன்று இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனையில் உளது. அதிலும் வாள், கோல், கிண்ணம், நாணயம் என்னும் நான்கு இனமே காணப்படுகின்றன. ஆகவே நான்கு இனத்துச் சீட்டுக்கு எகிப்தோடு தொடர்புண்டு. ஆனால் அது பிரமிட்டுக் காலத்து எகிப்தன்று. 22 சித்திரச் சீட்டுகளோ 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியிலே சேர்க்கப்பட்டவை. 1440ஆம் ஆண்டளவில் மிலான், பெராரா முதலிய அரசவைகளில் அவற்றைக் கொண்டு ஆடினர். நீதி, மரணம், ஊழ்ச்சக்கரம் முதலியன அக்கால ஐரோப்பியக் கிறித்தவர் நன்கறிந்த உருவகங்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அது பெரும்பாலும் ஆட்டமாகவே இருந்தது.

இத்துணைக் கற்றவர் இங்ஙனம் மயங்கியது ஏன்? நான் பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் குடிப்பிறப்பிலே இதற்கு விடை உண்டென்று எனக்குத் தோன்றுகின்றது. அவருடைய மக்கள் தம் வேதநூலை ஒளித்து வைத்துக் காத்தவர். தம் நூல்கள் எரிக்கப்படுவதைக் கண்டவர். வேறு காரியமாகச் செல்வார்போற் சென்று தொழுதவர். அடக்கப்பட்டோரின் உண்மை உருமாறி மறைந்து வாழும் என்பது அவருக்குக் கதையன்று, வீட்டனுபவம். ஆகவே தீக்குத் தப்பிய ஞானநூல் விளையாட்டென்னும் போர்வைக்குள் ஒளிந்திருந்தது என்ற எண்ணம் தோன்றியபோது, அதனை ஐயுறுதற்கு அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. அவர் எகிப்தைப் பற்றி எழுதினார். அறியாமலே தம் தந்தையாரின் வனாந்தரச் சபையைப் பற்றி எழுதினார். இது என் கருத்து மட்டுமே, கொள்வோர் கொள்க.

1780இல் அவர் பாரிஸ் நகரில் அறிஞர் கழகம் ஒன்றை நிறுவித் தலைமை தாங்கினார். அரச நூற்றணிக்கையாளர் பதவியும் அவருக்குக் கிட்டியது. எனினும் உடல் நலிந்தது. அக்காலத்திலே மெஸ்மர் என்னும் மருத்துவர், காந்தம் போன்றதோர் ஆற்றல் உயிர்களில் ஓடுகின்றதென்று கூறிப் பாரிஸ் மக்களைக் கவர்ந்திருந்தார். அவர் சிகிச்சையால் நலம்பெற்றதாக நம்பிய ஜெபெலின் 1783இல் அதனைப் புகழ்ந்து மடலொன்று வெளியிட்டார். மறு ஆண்டு மே மாதத்தில் அச்சிகிச்சையை நாடியிருந்த நிலையிலேயே உயிர்நீத்தார். சில மாதங்களுக்குள், பிராங்கிளினும் லவோசியரும் இடம்பெற்ற அரச விசாரணைக் குழு, அத்தகைய காந்த ஆற்றல் இல்லை என்று சோதனையால் நிறுவியது. சான்றை நாடிய பிராங்கிளினையும் ஊகத்தை நம்பிய ஜெபெலினையும் ஒரே நகரில் ஒரே ஆண்டில் காண்கின்றோம்.

அவர் மறைந்தபின் ஊகம் வளர்ந்தது. பாரிஸ் நகரிலே எத்தெய்யா என்ற புனைபெயரில் வாழ்ந்த ஒருவர் சீட்டைக் குறி சொல்லும் கருவியாக்கித் தனிக்கட்டும் வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எலிபாஸ் லேவி 22 சீட்டுகளை 22 எபிரேய எழுத்துகளோடு இணைத்து அகத்தியானத்துக்கு உரியனவாக்கினார். 1909இல் இலண்டனில் வெயிற் என்பவர் வகுக்க, பமீலா கோல்மன் சிமித் என்னும் பெண் ஓவியர் தீட்டிய கட்டு வெளிவந்தது. இன்று உலகெங்கும் பலர் கையாள்வது அதுவே. அப்படங்களை முன்வைத்துத் தம் மனத்தை ஆராய்வோர் உளர். மரணத்தையும் ஊழ்ச்சக்கரத்தையும் கண்முன் வைத்துச் சிந்திப்பதற்கு அவை எகிப்திலே பிறந்திருக்க வேண்டியதில்லை. இத்தாலியிற் பிறந்தமையால் அச்சிந்தனை இழிந்ததுமன்று. பொய்ப் பழைமை பொருளுக்குப் பெருமை தருவதில்லை.

இனி அவருடைய மற்ற உழைப்பு என்னாயிற்று? அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1787 நவம்பரில், பதினாறாம் லூயி மன்னன் வெர்செயில் கட்டளை பிறப்பித்தான். புரட்டஸ்தாந்து மதத்தாரின் பிறப்பும் திருமணமும் இறப்பும் சட்டப்படி பதியப்பெறும் உரிமை கிடைத்தது. இலட்சக்கணக்கான பிள்ளைகள் முறைப்பிள்ளைகளாயினர். அதற்காக உழைத்தோர் பலர். அவருள் ஜெபெலினும் ஒருவர். அந்தக் கட்டளையை அவர் கண்ணாற் காணவில்லை.

மொழியாராய்ச்சி செய்யப் புகும் நம் இளைஞர்க்கு இவ்வரலாற்றை நான் இரு காரணம்பற்றிச் சொல்கின்றேன். தம்மொழி தொன்மையானது என்று பெருமை கொள்வோர்க்கு ஒலியொப்புமை ஒன்றே போதுமெனத் தோன்றும் வேளை வரும். அவ்வேளையில் தார், ரோ என்னும் இரு சொற்களை அவர் நினைக்க வேண்டும். அன்றியும் ஒருவர் பிழைபட எழுதிய ஒரு கட்டுரையைக் கொண்டு அவர் வாழ்வு முழுவதையும் அளக்க எண்ணும்போது, பாரிஸ் நகரத்து அதிகாரிகளின் வாயிலிலே கையில் மனுவோடு காத்துநின்ற அம்மனிதரையும் நினைக்க வேண்டும்.