நகர் சமைத்த கைதி: பிரான்சிஸ் கிரீன்வே

ஒருவர் செய்த பிழை ஒன்றைக் கொண்டு அவர்தம் வாழ்வு முழுவதையும் அளந்துவிடலாகுமா? இவ்வினாவிற்கு விடை தேடுங்கால் நம் நினைவிற்கு வருபவர் பிரான்சிஸ் கிரீன்வே. பொய்யாவணம் புனைந்த குற்றத்திற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பெற்ற இவருடைய உருவத்தைப் பின்னாளில் ஒரு நாடு தன் பணத்தாளிலேயே பொறித்தது.

பிறப்பும் வீழ்ச்சியும்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகிலுள்ள மாங்கட்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் 1777ஆம் ஆண்டு கிரீன்வே பிறந்தார். கல்லோடும் கட்டடத்தோடும் பழகிய குடும்பம் அவருடையது. கட்டடக்கலைஞராகப் பெயர் பெற்று வந்த அவர் 1809இல் கடன் சுமையால் நொடித்துப் போனார். வீடு ஒன்றைக் கட்டி முடிப்பது தொடர்பான ஒப்பந்த ஆவணத்தைப் பொய்யாகப் புனைந்தார் என்று அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1812இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்நாளில் பிரிட்டனில் இருநூற்றுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை உண்டு. பொய்யாவணம் புனைதலும் அவற்றுள் ஒன்று. எனினும் அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை, 14 ஆண்டுகள் நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது.

கடல் கடந்த பயணம்

அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த பின், பிரிட்டன் தன் கைதிகளை ஆஸ்திரேலியாவிற்கு அனுப்பத் தொடங்கியது. 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,60,000 பேர் இவ்வாறு அனுப்பப்பட்டனர். கிரீன்வே ஏறிய ஜெனரல் ஹெவிட் என்னும் கப்பலில் 300 கைதிகள் இருந்தனர். அவர்களுள் 34 பேர் வழியிலேயே மாண்டனர். அக்கப்பலின் அவல நிலையை ஆராய்ந்து ஆளுநருக்கு அறிக்கை அளித்த மருத்துவர் வில்லியம் ரெட்ஃபெர்னும் முன்பு கைதியாக வந்தவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆளுநரின் கண்ணோட்டம்

1814 பிப்ரவரியில் கிரீன்வே சிட்னியை அடைந்தார். அப்போது நியூ சவுத் வேல்ஸின் ஆளுநராக இருந்தவர் லாக்லன் மக்குவாரி. தண்டனைக் காலம் முடிந்து நல்வழியில் நிற்போரைப் பிறருக்கு நிகராக நடத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் ஒரு நூலிலுள்ள கட்டட வரைபடத்தைப் பார்த்து எழுதித் தருமாறு கிரீன்வேயிடம் கேட்டார். பிறர் வரைந்ததைப் படியெடுப்பது தம் கலைக்கு இழுக்கு என்னும் கருத்துப்பட மறுமொழி எழுதினார் கைதி! ஆளுநர் சினந்தார், ஆயினும் அவர் திறமையைப் புறக்கணிக்கவில்லை. 1816இல் நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் ஊதியத்தில் அரசின் கட்டடக்கலைஞராக அவரை அமர்த்தினார். தெரிந்து வினையாடல் என வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்ததன் பொருள் இங்கு நமக்கு விளங்குகிறது.

கல்லில் எழுந்த கலை

சிட்னித் துறைமுக வாயிலில் மக்குவாரி கலங்கரை விளக்கம் எழுந்தது. 1817இல் கிரீன்வேக்கு நிபந்தனையுடன் கூடிய மன்னிப்புக் கிட்டியது. ஊருக்குள் ஆங்காங்கே தங்கியிருந்த கைதிகளை ஒருங்கே தங்க வைக்க ஹைட் பார்க் கைதிகள் இல்லத்தை வடிவமைத்தார். 1819இல் அது திறக்கப்பட்டபோது முழு மன்னிப்பும் பெற்றார். கைதிகளின் உழைப்பால், கைதிகளுக்காக, கைதி ஒருவர் வடிவமைத்த அவ்வில்லம் 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. வின்ட்ஸரிலுள்ள புனித மத்தேயு ஆலயமும் சிட்னியின் புனித ஜேம்ஸ் ஆலயமும் இவர்தம் பிற படைப்புகள். ஆளுநர் மாளிகைக்கு இவர் அமைத்த குதிரை லாயம் பின்னர் இசைக் கல்லூரியாயிற்று.

இறுதிக் காலம்

குடியேற்றத்தின் நிலையை ஆராய லண்டனிலிருந்து வந்த ஆணையர் பிக், இக்கட்டடங்களை வீண் ஆடம்பரம் எனக் கருதினார். கிரீன்வேயின் செருக்கும் அவருக்குப் பகையாயிற்று. தம் பணிகளுக்கு 11,000 பவுன் கட்டணம் கோரியதால் ஆதரித்த ஆளுநரின் மனமும் கசந்தது. மக்குவாரி நாடு திரும்பிய 1822ஆம் ஆண்டிலேயே கிரீன்வே பணிநீக்கம் செய்யப்பட்டார். பின்னர் வறுமையே துணையாயிற்று. ஹண்டர் ஆற்றங்கரையில் தமக்கிருந்த நிலத்தில் ஒதுங்கி வாழ்ந்து 1837இல் மறைந்தார். கிழக்கு மெய்ட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவர் கல்லறைக்கு அடையாளக் கல்லும் இல்லை. ஊருக்கெல்லாம் கல் நாட்டியவருக்கு ஒரு கல் இல்லாது போயிற்று!

முடிவுரை

1966இல் ஆஸ்திரேலியா டாலர் நாணயத்திற்கு மாறியபோது, பத்து டாலர் தாளில் கிரீன்வேயின் உருவம் இடம்பெற்றது; 1993 வரை அது அச்சில் நின்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே அத்தாளைக் கள்ளத்தனமாக அச்சிட்டனர் சிலர். பொய்யாவணம் புனைந்தவரின் உருவம் பொய்த்தாளிலும் ஏறியதைக் காலத்தின் நகைப்பு எனலாம்.

கிரீன்வே குற்றமற்றவர் என்று நாம் வாதிட வேண்டியதில்லை. அவரே அதை ஒப்புக்கொண்டார். சட்டம் அவரிடம் குற்றத்தைக் கண்டது. மக்குவாரி அக்குற்றத்தோடு கூடவே ஒரு கலைஞரையும் கண்டார். அவ்விரண்டாம் பார்வை இல்லாதிருப்பின் இக்கட்டடங்கள் எழுந்திரா. தவறியவர் திருந்தத் தண்டனை மட்டும் போதாது. அவர் செய்து காட்டுவதற்கு ஒரு பணியும் வேண்டும். மாணவரை மதிப்பிடும் பொறுப்பில் உள்ள நாம் மறக்கலாகாத உண்மை இது.