இறுதி நாளிலும் அழகைக் கண்ட இராமானுஜன்

குலை முற்றியதும் தாய் வாழையின் வாழ்வு முடிந்துவிடும். நீர்வேலியின் செம்மண் தோட்டங்களில் வாழை செய்வோர் அனைவரும் அறிந்த உண்மை இது. முடிவு நெருங்கும் வேளையிலேயே பயனும் முற்றுகின்றது. மனித வாழ்விலும் இவ்வாறு நிகழ்வதுண்டு என்பதற்குக் கணித மேதை சீனிவாச இராமானுஜனின் இறுதியாண்டு சான்றாகும்.

1887 டிசம்பர் 22 ஆம் திகதி ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். வறிய குடும்பம். கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேறாமையால் பட்டம் கிட்டவில்லை. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தபோது, 1913 இல் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் மறு ஆண்டே அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் சென்றது. 1918 இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கிக் கௌரவித்தது. எனினும், மரக்கறி உணவு மட்டுமே உண்ட அவருடைய உடலைக் குளிரும் போர்க்காலத் தட்டுப்பாடும் வாட்டின. 1919 இல் நோயாளியாகவே தாயகம் திரும்பினார்.

எஞ்சிய ஓராண்டை அவர் எவ்வாறு கழித்தார் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும். மனைவி ஜானகி அருகிருந்து பணிவிடை செய்ய, படுக்கையில் வலியோடு கிடந்தவாறே கணக்கெழுதிக்கொண்டிருந்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு அனுப்பிய கடைசிக் கடிதத்தில், தாம் புதிதாகக் கண்டறிந்த போலித் தீட்டாச் சார்புகளை விளக்கினார். அவ்வாண்டு ஏப்ரல் 26 ஆம் திகதி சென்னை சேத்துப்பட்டில் மறைந்தபோது அவருக்கு வயது 32. அவர் இறுதிக் காலத்தில் எழுதிய தாள்கள் 1976 இல் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் 600 க்கும் மேற்பட்ட சூத்திரங்கள் இருந்தன. அந்தச் சார்புகள் இன்று விண்வெளிக் கருந்துளைகள் பற்றிய ஆய்வுக்கும் உதவுகின்றன.

இத்தகைய அறிவு வேட்கை ஒரு நாட்டுக்கோ ஒரு காலத்துக்கோ மட்டும் உரியதன்று. பதினோராம் நூற்றாண்டில் கஸ்னி நகரில் மரணப் படுக்கையிலிருந்த பேரறிஞர் அல்-பிரூனி, தம்மைக் காண வந்த சட்ட அறிஞரிடம் வாரிசுரிமைச் சட்டத்தின் நுட்பம் ஒன்றைக் கேட்டறிந்த பின்னரே கண்மூடினார் என்று பழைய வரலாற்று நூலொன்று கூறுகின்றது. அறியாமல் போவதிலும் அறிந்து போவதே மேல் என அவர் கருதினார்.

நோயுற்றோரிடமிருந்து புத்தகத்தையும் தொழிலையும் விலக்கி வைப்பதே நம் வீடுகளில் வழக்கமாக இருக்கின்றது. அன்பினால் செய்வதுதான். ஆயினும், உடல் தளர்வதனால் உள்ளத்தின் விருப்பமும் தளர்ந்துவிடும் என்று நாமே முடிவு செய்துவிடலாகாது. மரணத்தை எதிர்நோக்கியிருப்பவரும் மூச்சுள்ளவரை வாழ்பவரே. அவர் எழுதுகோலைக் கேட்டால் எடுத்துக் கொடுப்போம்.