கரியில் எண்ணெய் தேடிய ஞானசந்திர கோஷ்

கீழவாஞ்சூரில் பிறந்தவனுக்கு நிலக்கரி புதிதன்று. 2009 முதல் எங்கள் ஊர்த் துறைமுகத்தில் அது கப்பல் கப்பலாக இறங்குகிறது. அக்கரியை எண்ணெயாக்கும் வழியை ஆராய்ந்த இந்திய விஞ்ஞானி ஒருவர் உண்டு. அவரே சர் ஞானசந்திர கோஷ்.

1894-ல் புருலியாவில் பிறந்த அவர், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராயின் மாணவர். சத்தியேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் உடன் பயின்றோர். வலிமைமிக்க மின்பகுளிகள் கரைசலில் பொது விதிக்கு அடங்காதது ஏன் என்பதற்கு 1918-ல் ஒரு கொள்கை வெளியிட்டார். மேனாட்டாரும் அதைக் கவனித்தனர். ஆனால் 1923-ல் டிபை, ஹக்கல் ஆகியோரின் கொள்கை வந்ததும் அது பின்தள்ளப்பட்டது. என் பாடநூலில் அவ்விருவர் பெயரும் உள்ளன. கோஷின் பெயரைத் தேடினேன், இல்லை. படித்தபோது மனம் கனத்தது.

அவரோ முடங்கிவிடவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றியபின், 1939-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். சர் சி. வி. இராமன் முன்பு வகித்த பதவி அது. அவ்வாண்டே போர் மூண்டது. பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. தமிழ்நாட்டில் பஸ்கள் கரிவாயுவில் ஓடின. கோஷ் தம் மாணவர்களுடன் பிஷர்–டிராப்ஷ் முறையை ஆராயலானார்.

பழுக்கக் காய்ந்த கரிமேல் நீராவியைச் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். அவற்றைச் சுமார் 200 முதல் 350 டிகிரி வெப்பத்தில் ஒரு வினையூக்கியின்மேல் செலுத்தினால் எண்ணெய் பிறக்கும். எந்த வினையூக்கி என்பதே கேள்வி. போர்க்கால ஜெர்மன் ஆலைகள் கோபால்ட்டை நம்பின. அது அரியது, விலை மிக்கது. இரும்போ மலிவு. மேலும், கரியிலிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் குறைவு; இரும்பு, நீராவியையும் கார்பன் மோனாக்சைடையும் வினைபுரியச் செய்து அக்குறையைத் தானே நிரப்பிக்கொள்ளும். வேலை நடக்கும்போது இரும்பின் ஒரு பகுதி கார்பைடாக மாறிவிடுகிறது. வினையூக்கி மாறாது என்று பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு இது வியப்பளித்தது!

தென்னாப்பிரிக்கா 1955-ல் இரும்பைக் கொண்டே எண்ணெய் எடுத்தது. இந்தியாவிலோ அத்தகைய பேராலை எழவில்லை. வெளிநாட்டுக் கச்சா எண்ணெய் அன்று மலிவாக வந்தது. கோஷுடன் இவ்வாராய்ச்சியில் உழைத்த எம்.வி.சி. சாஸ்திரி பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

கோஷ் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநராகி, அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ஹிஜ்லி முகாமில் 1951-ல் வகுப்புகளைத் தொடங்கினார். 1959 ஜனவரி 21-ல் மறைந்தபோது திட்டக்குழு உறுப்பினராக இருந்தார்.

– இரண்டாமாண்டு இளம் அறிவியல் மாணவன், வேதியியல் துறை