ஒன்றரை டாலரில் எழுந்த கல்விக்கூடம்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வித்தாய் மேரி மெக்லவுட் பெத்யூன் அம்மையாரின் வாழ்வை இளைஞர்கள்முன் வைக்க விழைகிறோம்.

அம்மையார் 1875ஆம் ஆண்டு, தென் கரோலினா மாநிலத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோர்க்குப் பதினைந்தாம் மகவாகப் பிறந்தார். பருத்திக்காட்டில் பாடுபட்ட குடும்பம் அது. சிறுமியாயிருந்தபோது, வெள்ளையர் வீடொன்றில் அவர் ஆவலோடு எடுத்த புத்தகத்தை, படிக்கத் தெரியாதவள் என இகழ்ந்து, அவ்வீட்டுச் சிறுமி பறித்துக்கொண்டாள். அவ்விழிவே அவரைக் கல்வியின்பால் உந்தியது. நாள்தோறும் பல கல் தொலைவு நடந்து சென்று கற்றார். கற்றதை வீட்டாருக்கும் கற்பித்தார்.

1904இல் புளோரிடா மாநிலத்து டேட்டோனா நகரில், ஒன்றரை டாலரை முதலாகக் கொண்டு, ஐந்து சிறுமியரோடு பள்ளி தொடங்கினார். மரப்பெட்டிகளே மேசைகள், கரித்துண்டே எழுதுகோல், காட்டுப்பழச் சாறே மை. சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பண்டம் செய்து விற்றுப் பொருள் திரட்டினார். நோயுற்ற மாணவியை வெள்ளையர் மருத்துவமனை உரியவாறு ஏற்காமை கண்டு வெகுண்டு, தம் மக்களுக்கென மருத்துவமனையும் நிறுவினார். 1920இல், கறுப்பின மக்கள் வாக்களிக்கலாகாதென்று முகமூடி அணிந்த வெறியர் கூட்டம் பள்ளிக்கே வந்து மிரட்டியது. அம்மையார் அஞ்சினாரில்லை, தம் மக்களைத் திரட்டிச் சென்று வாக்களிக்கச் செய்தார்.

1923இல் அப்பள்ளி வேறொரு கல்வி நிலையத்தோடு இணைந்தது. அதுவே இன்று பெத்யூன்-குக்மன் பல்கலைக்கழகம். 1955இல் அம்மையார் மறைந்தார். 2022இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் புளோரிடாவின் சார்பில் அவர் சிலை நிறுவப்பெற்றது.

பெருநிதி வரட்டுமெனக் காத்திருந்தால் அப்பள்ளி எழுந்திராது. நம் சங்கத்தால் கற்றுயர்ந்த இளைஞர் ஒவ்வொருவரும், தம் தெருப் பிள்ளைகள் ஐவரை அமர்த்தி, இன்று மாலையே பாடம் சொல்லத் தொடங்குவாராக!