வண்டலூர் பக்கம் தயாரான ஹெரால்டு காரை வரைந்தது யார் தெரியுமா? ஃபெராரிக்கு உருவம் கொடுத்த மிகெலோட்டியின் கதை

சென்னையிலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்குக் கிளம்புபவர்கள் பலர் இப்போது கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிறார்கள். அதுக்குப் பக்கத்திலேயே, வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில், ஒரு காலத்தில் கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1961 முதல் அங்கே தயாரான ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ தாத்தா காலத்துக் குடும்ப கார். அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் கிடைக்கிற மரியாதை இன்றைக்கு அதுக்குக் கிடைப்பதில்லை.

ஆனால், அதை வரைந்தவர் சாதாரண ஆள் இல்லை. பெயர் ஜோவானி மிகெலோட்டி.

1921-ல் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தவர். பதின்பருவத்திலேயே ஸ்டாபிலிமென்டி ஃபரினா என்ற பாடி கட்டும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1949-ல் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கினார். அங்கிருந்து அவர் வரைந்து கொடுத்ததை வின்யாலே போன்ற பட்டறைகள் தகரத்தில் செய்தன. 1951, 1952, 1953 என மூன்று வருஷமும் ‘மில்லே மில்யா’ சாலைப் பந்தயத்தில் ஜெயித்த ஃபெராரிகளுக்கு வின்யாலே பாடிதான்.

இதில் ஒரு சிக்கல். காரில் பட்டறையின் பெயர்ப்பட்டை இருக்கும், வரைந்தவர் பெயர் இருக்காது. சினிமாவில் டைட்டில் கார்டு இல்லாத கதாசிரியர் மாதிரி!

1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு வேறொரு தலைவலி. அவர்களுக்கு பாடி செய்து தந்த கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் அடிக்க வழியில்லை. அதனால் தனி சேஸிஸ், அதன் மேல் போல்ட் போட்டு மாட்டும் தனித்தனித் துண்டுகள் என்று முடிவானது. ட்ரையம்ஃபின் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் மிகெலோட்டியைத் தேடிப்போனார். அப்படிப் பிறந்ததுதான் 1959-ல் வந்த ஹெரால்டு. மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்த்து முன்பக்கம் முழுசாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேல உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். இன்றைய சின்ன கார்கள் பலதுக்கும் இது முடியாது.

துண்டு துண்டாக இருந்ததால் கப்பலில் அனுப்பி வெளிநாட்டில் பூட்டுவதும் சுலபம். சென்னைக்கு அது வந்து சேர இந்த அமைப்பும் கைகொடுத்தது.

அடுத்துதான் விஷயமே. ஹெரால்டின் சேஸிஸை நீளம் குறைத்து, அதுக்கு மேலே இரண்டு பேர் உட்காரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை மிகெலோட்டி வரைந்தார். கம்பெனியில் பணம் இல்லை. மாதிரி வண்டி தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-ல் ட்ரையம்ஃபை லேலண்ட் வாங்கியது (ஆமாம், நம்ம அசோக் லேலண்டின் பெயரில் இருக்கும் அதே லேலண்ட்). புது நிர்வாகத்தின் கண்ணில் அந்த வண்டி பட்டது, அனுமதி கிடைத்தது. 1962-ல் ‘ஸ்பிட்ஃபயர்’ வந்தது. மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதாவது, நம் ரோட்டில் ஓடிய ஹெரால்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கூடப்பிறந்த அண்ணன். இது பெருமைக்குச் சொல்வதில்லை, சேஸிஸே சாட்சி.

குறையும் உண்டு. பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் ‘ஸ்விங் ஆக்ஸில்’ அமைப்பு வேகமான வளைவில் காலை வாரும். நம்மூர் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1970-களில் ஹெரால்டின் வாரிசாக வந்த ‘கஸெல்’ காரில் அதைத் தூக்கிவிட்டார்கள். இன்னொன்று, இங்கிலாந்தில் ஹெரால்டு சலூனுக்கு எப்போதும் 2 கதவுதான். 4 கதவு ஹெரால்டு நம் ஊரில் மட்டும்தான் வந்தது.

மிகெலோட்டியோ வரைந்துகொண்டே இருந்தார். நஷ்டத்தில் தள்ளாடிய பிஎம்டபிள்யூவைத் தூக்கி நிறுத்திய 700, மஸராட்டி 3500 ஜிடி ஸ்பைடர், ஜப்பானின் ஹினோ கான்டெஸா, ட்ரையம்ஃப் டிஆர்4, ஸ்டாக் எல்லாம் அவருடையவை. 1973-ல் முதல் உலக ராலி சாம்பியன்ஷிப்பை வென்ற ஆல்பைன் ஏ110-க்கும் அவர் போட்ட கோடுகள்தான் அடிப்படை.

1980 ஜனவரியில், 58 வயதில் மிகெலோட்டி இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் கடைசி ஸ்பிட்ஃபயர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.