மன்னன் குறித்த நாள் மாறியது

வீடு கட்டும் கொத்தனார், குடியிருக்கப் போகிறவரின் விருப்பத்தை முதலில் கேட்பார். பூஜை அறை எங்கே, சமையற்கட்டு எந்தப் பக்கம் என்று விசாரிப்பார். பிறகுதான் நூல் பிடிப்பார்.

கடவுளுக்கு வீடு கட்டுகிறவன் யாரைக் கேட்பான்?

சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் காஞ்சீபுரத்தை ஆண்ட பல்லவ மன்னன் ராஜசிம்மன். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் கட்டியவன் இவனே. காஞ்சியில் கயிலாசநாதர் கோயிலையும் கட்டினான்.

பார்த்துப் பார்த்துக் கட்டினான். அடியில் கருங்கல், மேலே மணற்கல். கருவறைச் சுவரில் சிவபெருமான், உமாதேவியுடனும் குழந்தை முருகனுடனும் குடும்பமாக வீற்றிருக்கிறார். சுற்றிலும் 58 சிறு கோயில்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் அமர்ந்து தியானம் செய்யலாம். சுவர்களில் வண்ண ஓவியம் தீட்டினார்கள். அதன் மிச்சத்தை இன்றும் காணலாம்.

கூடவே, தன் பட்டப் பெயர்களையும் மன்னன் கல்லில் வெட்டி வைத்தான். சிவசூடாமணி, ரணஜயன், ஆகமப்பிரியன் என்று சுமார் 250 பெயர்கள்! கொஞ்சம் அதிகம்தான்.

இதன் பிறகு நடந்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. அதில் மன்னன் பெயர் காடவர்கோன் என்றே இருக்கிறது. அவன் ராஜசிம்மனே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு.

குடமுழுக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது. முதல் நாள் இரவு இறைவன் கனவில் வந்தார். திருநின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலுக்கு நாளை போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்றார்.

மன்னன் திடுக்கிட்டான். தன்னை மிஞ்சிக் கட்டியவர் யார்? திருநின்றவூருக்கு விரைந்தான். அங்கே புதுக் கோயில் எதுவும் இல்லை. பூசலாரோ பரம ஏழை.

பூசலார் நடுங்கிப் போனார். கையில் காசு இல்லாததால் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியதாகச் சொன்னார். கல் தேடி, தச்சர்களை அமர்த்தி, அஸ்திவாரம் போட்டு, சிகரம் எழுப்பி, சுதை பூசி, கிணறு வெட்டி, குளம் தோண்டி, மதில் எடுத்து... எல்லாம் நினைவிலேயே! ஒரு வேலையையும் அவர் விடவில்லை. அவர் குறித்த நாளும் அதுவே.

250 பட்டங்கள் பெற்ற மன்னன், அந்த ஏழையின் காலில் விழுந்து வணங்கினான்.

ராஜசிம்மன் மறைந்த பின், சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு மகிழ்ந்தவன், அதை எடுத்துச் செல்லாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு கோயில் தூண் ஒன்றில் இருக்கிறது.

திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயில் கருவறையில், இறைவனுக்குப் பக்கத்திலேயே பூசலாரும் இருக்கிறார்.