பாஸ்டர் போட்ட கணக்கு

ஆண்டுதோறும் செப்டம்பர் 28-ஆம் தேதி உலக வெறிநோய் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1895-இல் மறைந்த நாள் அது. வெறிநாயிடம் கடிபட்ட சிறுவனைக் காத்தவராக அவரை உலகம் அறியும். ஆனால், அவர் முதலில் தடுப்பூசி போட எண்ணியது மனிதர்களுக்கு அல்ல, நாய்களுக்கு என்பதைப் பலரும் அறியார்.

பிரான்ஸின் டோல் நகரில் 1822 டிசம்பர் 27-இல், தோல் பதனிடும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார் பாஸ்டர். வளர்ந்தது அர்புவா எனும் சிற்றூரில். அவருக்கு எட்டு வயதானபோது, வெறிபிடித்த ஓநாய் ஒன்று அவ்வட்டாரத்தில் பலரைக் கடித்துக் குதறியது. கடிவாயைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதே அன்றைய மருத்துவம். அப்படியும் சிலர் மாண்டனர்.

பாஸ்டர் மருத்துவர் அல்லர், வேதியியலாளர். நொதித்தலுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்று நிறுவினார். பட்டுப்புழுக்களை அழித்த நோயை ஆராய்ந்து, நலிந்த தொழிலை மீட்க வழிகாட்டினார். ஐந்து குழந்தைகளில் மூவரைப் பறிகொடுத்தார். 1868-இல் பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்தது. கோழிக் காலரா, கால்நடைகளின் அடைப்பான் நோய் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி கண்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1880-இல் வெறிநோய் ஆய்வில் இறங்கினார். நாய், பூனை, மனிதர் எனப் பாலூட்டிகள் அனைத்தையும் தாக்கும் இந்நோய்க்குக் காரணம் ஒரு தீநுண்மி. அன்றைய நுண்ணோக்கிக்கு அது புலப்படவில்லை, ஆய்வுக்குடுவையிலும் வளரவில்லை. எனவே, முயல்களின் நரம்பு மண்டலத்திலேயே அதை வளர்த்தார். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்ந்த காற்றில் தொங்கவிட்டால், நாளுக்கு நாள் அதன் வீரியம் குறைந்தது. வீரியம் குறைந்ததில் தொடங்கிப் படிப்படியாக மிகுந்தது வரை செலுத்தினால் உடல் எதிர்ப்பாற்றல் பெற்றது. தடுப்பூசி பெற்ற நாய்களுக்கு நோய் வரவில்லை என்பதை அரசு அமைத்த குழுவே 1884-இல் நேரில் கண்டது.

நாய்களுக்கு எல்லாம் ஊசி போட்டால் நோயின் ஊற்றுக்கண்ணே அடைபடும். ஆனால், கணக்கு இடித்தது. பாரிஸில் மட்டும் ஒரு லட்சம் நாய்கள். பிற பகுதிகளில் ஏறத்தாழ 25 லட்சம். ஒவ்வொன்றுக்கும் பல ஊசிகள். அதற்கான முயல்களுக்கும் ஆட்களுக்கும் எங்கே போவது? ஆகவே, கடிபட்ட மனிதர்களின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. கடிக்கும் நோய்க்குறி தோன்றுவதற்கும் இடையே பெரும்பாலும் சில வாரங்கள் இருக்கும். அதற்குள் எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை.

1885 ஜூலை 6 அன்று, அல்சாஸ் பகுதியிலிருந்து ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனை அவன் தாய் அழைத்து வந்தார். உடலெங்கும் நாய்க்கடி. பாஸ்டர் மருத்துவர் அல்லர் என்பதால், மருத்துவர் கிராஞ்சேர் ஊசி போட்டார். பத்து நாள்களில் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். அவனுக்குப் பின்பற்றிய முறை நாய்களிடம் முழுமையாகச் சோதிக்கப்பட்டிருக்கவில்லை என்பதைப் பாஸ்டரின் குறிப்பேடுகளைப் பின்னாளில் ஆராய்ந்தோர் வெளிக்கொணர்ந்தனர். துணிவும் இடர்ப்பாடும் கலந்த முடிவு அது.

பின்னர் உலகெங்குமிருந்து மக்கள் வந்து குவிந்தனர். காலம் தாழ்த்தி வந்த சிலரைக் காக்க முடியவில்லை, கண்டனங்களும் எழுந்தன. ஆயினும், பொதுமக்கள் நன்கொடையில் 1888-இல் பாஸ்டர் நிறுவனம் பாரிஸில் எழுந்தது. அவர் பெயரில் 1907-இல் நம் குன்னூரிலும் ஒரு நிறுவனம் தோன்றியது. தொப்புளைச் சுற்றிப் போடப்பட்ட 14 ஊசிகளை நம் தலைமுறை மறந்திருக்காது. ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட அம்மருந்து இன்று வழக்கொழிந்து, வலி குறைந்த பாதுகாப்பான தடுப்பூசி வந்துவிட்டது.

ஆனால், பாஸ்டர் பாதியில் விட்ட கணக்கை நாம் இன்னும் முடிக்கவில்லை. வெறிநோயால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதர்களுக்கு இந்நோய் வருவது 99 விழுக்காடு நாய்களால். நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் பரவல் அறுபடும். அவ்வழியில் சென்ற மெக்சிகோ, நாய்வழி வெறிநோயால் மனிதர் இறப்பதை ஒழித்த நாடாக 2019-இல் உலக சுகாதார அமைப்பின் ஏற்பைப் பெற்றது.

கடிபட்டபின் போடும் ஊசி ஒருவரைக் காக்கும். அது தவிர்க்க இயலாதது. நாய்க்குப் போடும் ஊசியோ தெருவில் நடக்கும் அனைவரையும் காக்கும். பயன் எல்லோருக்கும் உரியது என்பதாலேயே, தெருநாய்க்கான ஊசிக்குத் தனியொருவர் செலவிட முன்வருவதில்லை. அத்தகைய செலவை ஏற்பதற்காகத்தான் அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் இருக்கின்றன. பாஸ்டருக்கு முயல்கள் போதவில்லை. நமக்கோ ஊசி மருந்து இருக்கிறது. அதை நாயிடம் கொண்டு சேர்க்கும் உறுதிதான் வேண்டும்.